முகப்புப் பலகை இருண்டால்

மோட்டார் காரில் ஓட்டுநருக்கு எதிரே உள்ள முகப்புப் பலகை வேகத்தைக் காட்டுவதற்கு மட்டும் ஏற்பட்டதன்று. எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் குறைந்துவிட்டது, வெப்பம் மிகுந்துவிட்டது என்றெல்லாம் எச்சரிக்கும் வாயும் அதுவே. அவ்வாய் அடைத்துப்போன பின்னும் வண்டியை ஓட்டுவது எத்துணை ஆபத்து! எண்ணெய் அழுத்தமின்றிச் சில நிமிடங்கள் ஓடினாலே பேரிங்குகள் பாழாகும்.

பலகை இருண்டதும் ஸ்குரூ டிரைவரைத் தேடுவோர் உண்டு. நாம் முதலில் அறிய வேண்டியது, இருண்டது எது என்பதே. சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஓடுமுன், எண்ணெய் விளக்கும் பேட்டரி விளக்கும் சிவப்பாக எரிய வேண்டும். அவை எரிந்து, முட்களும் அசைந்து, இரவில் மட்டும் எண்கள் தெரியாவிட்டால் குற்றம் பின்னொளியில்தான். பல கார்களில் இவ்வொளியைக் கூட்டிக் குறைக்க ஒரு சிறு திருகு உண்டு. தூசு துடைக்கையில் அது திரும்பிவிட்டால் விளக்கு மரக்காலின் அடியில் வைத்தது போலாகிவிடும்! அதுவும் சரியாயிருப்பின் காரின் பின்புறம் சென்று பார்ப்போம். பின்விளக்குகளும் எரியவில்லையெனில், இரண்டுக்கும் பொதுவான பியூஸ் எரிந்திருக்கக்கூடும்.

முட்கள், விளக்குகள் யாவும் ஒருங்கே செயலற்றுப் போனால் ஹாரனை அழுத்திப் பார்க்கலாம். அதுவும் ஒலிக்காவிடில் பேட்டரியின் முனைகளை நோக்குக. அங்கே வெண்மையும் பச்சையுமாய்ப் பூத்திருக்கும். ஹாரன் ஒலித்தால் தடை பலகைக்குச் செல்லும் வழியில் உள்ளது.

மின்னோட்டத்திற்குப் போகவும் வழி வேண்டும், திரும்பவும் வழி வேண்டும் என்று இயற்பியல் வகுப்பில் படித்தோமன்றோ? காரில் திரும்பும் வழி அதன் இரும்புடலே. 12 வோல்ட் பல்பு ஒன்றில் இரு வயர்களை இணைத்து, ஒன்றைப் பெயின்ட் இல்லாத இரும்பில் பொருத்தி, மற்றதால் பியூஸின் இரு முனைகளையும் தொடுவோம். சாவி திருப்பியே இருக்கட்டும். இரு முனைகளிலும் பல்பு எரிந்தால் பியூஸ் நலம். ஒன்றில் மட்டும் எரிந்தால் அது எரிந்துபோனது. ஒன்றிலும் எரியாவிடில் மின்சாரம் பியூஸ் வரைக்குமே வரவில்லை. அதே ஆம்பியர் கொண்ட பியூஸையே மாற்ற வேண்டும்; தகட்டு பியூஸ்களில் சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20. சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றி வைக்கும் வழக்கம் மிகத் தீயது. அப்போது பியூஸுக்குப் பதில் வயரே எரியும். புதிய பியூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட் சர்க்கியூட் உள்ளது. பியூஸ் நலமாயிருந்தும் பலகை விழிக்காவிடில், அதன் எர்த் வயர் தளர்ந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

இங்கே பலர் அறியாத செய்தி ஒன்று. பழைய கார்கள் பலவற்றில் பேட்டரி விளக்கின் வழியாகச் செல்லும் சிறு மின்னோட்டமே ஆல்டர்னேட்டரைத் தூண்டிவிடுகிறது. அவ்விளக்கு இறந்தால் ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரத் தொடங்காமலே போகலாம். பேட்டரி வடிந்து கார் நடுவழியில் நிற்கும். பலகையில் விளக்கில்லாததால் எச்சரிக்கையும் இராது. எஞ்சின் ஓடுகையில் பேட்டரியில் சுமார் 14 வோல்ட் இருந்தால் அஞ்ச வேண்டுவதில்லை.

திரை வைத்த புதிய கார்களில் பலகையே ஒரு சிறு கணிப்பொறி. அதன் வயர்களில் பல்பு வைத்துச் சோதிப்பது கேடு. அருகில் காற்றுப்பைக்குரிய வயர்களும் செல்வதால், அதைக் கழற்றும் பொறுப்பு மெக்கானிக்குடையது. ஹாரன், பின்விளக்கு, பியூஸ் ஆகியவற்றில் நாம் கண்டதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அவருக்குப் பாதி நேரம் மிச்சம்.