நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஒட்டுப்போட்ட சிஸ்டம்

"அப்டேட் மட்டும் போட்டுராதப்பா, டேட்டா பூராம் போயிரும்." ஆடித்தபசுக்கு ஊருக்கு வரும் பிள்ளைகளிடம் லேப்டாப்பைக் கொடுக்கும்போது சங்கரன்கோவில் வீடுகளில் அம்மாக்கள் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில்தான் பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டரே வந்தது. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது பெரும்பாலும் தவறு.

நம்பிக்கை: அப்டேட் என்றால் முழு சிஸ்டமும் மறுபடி இறங்கும்.

தறியில் ஓர் இழை அறுந்தால் பாவையே மாற்றுவதில்லை. அறுந்ததைப் பிணைத்துவிட்டு ஓட்டுகிறோம். மென்பொருளில் அது அத்தனை எளிதாக இருக்கவில்லை. நிரலில் ஒரு வரி கூட்டினால் பின்னால் உள்ளதெல்லாம் இடம் நகரும். அந்த இடங்களைச் சுட்டும் எண்கள் கோப்பு நெடுக மாறும். 2003-ல் காலின் பெர்சிவல் எழுதிய 'பிஎஸ்டிஃப்' இதற்கு வழி கண்டது. புதிய கோப்பின் பைட்டுகளிலிருந்து, அவற்றோடு ஒத்துப்போகும் பழையவற்றைக் கழித்தால் மிஞ்சுவது பெரும்பாலும் பூஜ்யங்கள். பூஜ்யங்களை நன்றாகச் சுருக்கலாம். அப்படிச் சுருக்கிய வித்தியாசம்தான் 'ஒட்டு' (பேட்ச்). ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் இப்படித்தான் சின்னச் சின்ன ஒட்டுகளால் புதுப்பிக்கப்பட்டது. 2009-ல் கூகுள் தன் குரோம் பிரவுசருக்குக் காட்டிய கணக்கு இன்னும் வியப்பானது: முழு அப்டேட் 1,03,85,920 பைட்; பிஎஸ்டிஃப் ஒட்டு 7,04,512; அவர்களே செய்த 'கூர்ஜெட்' முறையில் வெறும் 78,848.

நம்பிக்கை: இத்துனூண்டு ஒட்டு என்ன செய்துவிடும்?

விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று ஒட்டு வெளியிட்டது. மே 12 அன்று அதே ஓட்டை வழியாக 'வான்னாக்ரை' வைரஸ் உலகெங்கும் நுழைந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. ஆந்திரக் காவல்துறையின் கம்ப்யூட்டர்களும் தப்பவில்லை. இடையில் ஒட்டைப் போட்டுக்கொள்ள கிட்டத்தட்ட இரண்டு மாத அவகாசம் இருந்தது என்பதில்தான் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

நம்பிக்கை: பாதியில் கரண்ட் போனால் எல்லாம் போச்சு.

இறங்கும்போது நின்றால் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். 2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், பல போன்களில் சிஸ்டத்துக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று ஓடும்போது மற்றதில் அப்டேட் ஏறும், அது எழாவிட்டால் பழையது எழும். லேப்டாப்பில் மட்டும், ரீஸ்டார்ட் ஆகும் நேரத்தில் பட்டனை அழுத்தி அணைக்காதீர்கள்; பேட்டரி பழசு என்றால் சார்ஜரைச் செருகிவையுங்கள்.

இன்னொன்று. ஒட்டு எந்தப் பழைய பதிப்புக்கு வெட்டப்பட்டதோ, அதில்தான் பொருந்தும். வருடக்கணக்கில் தள்ளிப்போட்ட கம்ப்யூட்டருக்குப் பொருந்தும் ஒட்டு கிடைக்காமல் போகலாம். அப்போதுதான் முழுக் கோப்பும் இறங்கி, அந்த அம்மாக்கள் பயந்தபடி டேட்டாவைத் தின்னும்.