கொடிநாள்: உண்டியலைத் தாண்டி ஒரு பாடம்

டிசம்பர் 7 நெருங்கினால் நம் பள்ளிகளில் கொடிநாள் உண்டியல் வகுப்பு வகுப்பாகச் சுற்றி வரும். மாணவர்கள் சட்டையில் சிறு கொடியைக் குத்திக்கொள்வார்கள். தொகையை எண்ணி அனுப்பியதும் அந்த நாள் முடிந்துவிடும். அந்தக் கொடியில் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என மூன்று நிறங்கள் ஏன் என்று கேட்டுப் பாருங்கள். தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று சொல்லும் குழந்தைகள் குறைவு.

இந்த நாள் 1949 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. போரில் உயிரிழந்தோரின் குடும்பங்கள், காயமுற்ற வீரர்கள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோருக்கு இந்த நிதி பயன்படுகிறது. வசூலில் சிறந்து விளங்குவோரை அரசு பாராட்டிச் சிறப்பிப்பதும் உண்டு. நல்லதுதான். ஆனால் படைவீரருக்குச் செய்யும் தொண்டு என்றால் வசூல் மட்டும்தான் என்று குழந்தை நினைத்துவிடக் கூடாது. வீட்டில் காசு கிடைக்காத குழந்தை அன்று தலைகுனிந்து நிற்கவும் கூடாது.

அத்திப்பட்டு போன்ற ஊரில் இதற்கான பாடநூல் பள்ளிக்கு வெளியிலேயே இருக்கிறது. மின்நிலையம், துறைமுகம், தொழிற்சாலைகள் எனச் சுற்றிலும் வாயில்கள். அந்த வாயில்களில் காவல் நிற்பவர்களில் முன்னாள் படைவீரர்களும் இருப்பார்கள். படையில் சிப்பாயாகச் சேர்ந்தவர் பெரும்பாலும் நாற்பது வயதை ஒட்டியே ஓய்வு பெற்றுவிடுகிறார். பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் வயது அது. இரண்டாவது வேலை தேவைப்படுகிறது. இதற்காகவே தமிழ்நாடு அரசு 1986-இல் முன்னாள் படைவீரர் கழகத்தை, அதாவது டெக்ஸ்கோவை, தொடங்கியது. குழந்தைகள் ‘செக்யூரிட்டி தாத்தா’ என்று அழைப்பவர் ஒரு காலத்தில் பனிமலையில் காவல் நின்றவராக இருக்கலாம்.

வகுப்பில் சொல்ல ஒரு வரலாறு வேண்டுமானால் முரளிகாந்த் பேட்கரின் வரலாற்றைச் சொல்லலாம். 1965 போரில் குண்டடி பட்டு உடல் இயக்கத்தை இழந்த வீரர் அவர். சிகிச்சைக்காக நீந்தத் தொடங்கியவர், 1972-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். பத்மஸ்ரீ விருது 2018-இல்தான் வந்தது. இடையில் 46 ஆண்டுகள்! இக்கணக்கை மாணவர்களையே போடச் சொல்லுங்கள். அந்தப் பயணத்துக்கு உதவியவர்களுள் ஒருவர் கிரிக்கெட் வீரர் விஜய் மெர்ச்சண்ட். தம் தொண்டு அமைப்பின் வழியாகப் பயணச்சீட்டுக்கு வழிசெய்தார். பதக்கத்தைப் பற்றிப் பேசும்போது பயணச்சீட்டையும் பேசினால், தொண்டு என்பது என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு நேர்காணல் பொருந்தும். ஊரிலுள்ள முன்னாள் படைவீரர் ஒருவரை, அவருடைய விருப்பத்தை முன்பே கேட்டுக்கொண்டு, அழையுங்கள். கேள்விகளை முந்தைய நாளே எழுதி வாங்கிப் பாருங்கள். ‘எத்தனை பேரைச் சுட்டீங்க?’ என்பது கட்டாயம் ஒரு தாளில் இருக்கும். திட்ட வேண்டாம். அந்தக் கேள்வி ஏன் ஒருவரை வருத்தும் என்று பேசிவிட்டு, ‘அங்கே என்ன சாப்பிடுவீங்க? வீட்டுக் கடிதம் எத்தனை நாளில் வரும்? இந்தி எப்படிக் கத்துக்கிட்டீங்க?’ என்பவற்றின் பக்கம் திருப்புங்கள். அவருடைய மனைவியும் வந்தால் பாடம் இன்னும் கனமாகும். கணவர் எல்லையில் இருந்த ஆண்டுகளில் குடும்பத்தை நடத்தியவர் அவர்தானே. பேச விரும்பாதவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

மேல்நிலை வகுப்புகளில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களிடம் உண்மையான வேலையையே கொடுக்கலாம். பாதுகாப்புத் துறை ஓய்வூதியர்கள் ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று அளிக்க வேண்டும். அளிக்காவிட்டால் ஓய்வூதியம் தடைபடும். இப்போது அது ‘ஸ்பர்ஷ்’ என்ற இணைய அமைப்பின் வழியே நடக்கிறது. வயது முதிர்ந்த வீரருக்கும், கணவரை இழந்த மூதாட்டிக்கும் கைப்பேசித் திரை எளிதல்ல. மாணவர் உடன் போய் வரலாம். விண்ணப்பத்தைப் படித்துக் காட்டலாம். ஆனால் ஓடிபி எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு விவரம் எதையும் மாணவர் கையாளவே கூடாது. அதை அந்தக் குடும்பத்தாரோ இ-சேவை மையத்தாரோ செய்யட்டும். ஓய்வூதியர்களைக் குறிவைக்கும் மோசடிகள் பெருகியுள்ள காலம் இது. நல்ல மனம் கொண்ட மாணவர் மீதே பழி விழக்கூடும். சந்தேகம் வந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம்.

எழுத்தில் ஆர்வமுள்ளவர்களுக்கு ‘வீர் கதா’ இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சகமும் கல்வி அமைச்சகமும் 2021-இல் தொடங்கிய இத்திட்டத்தில், வீரதீர விருது பெற்றவர்களைப் பற்றி மாணவர்கள் கட்டுரை, கவிதை, ஓவியம் அனுப்பலாம். நேர்காணலில் கேட்டறிந்தவை அந்த எழுத்துக்கு உயிர் கொடுக்கும்.

முன்னாள் படைவீரர் நாள் ஜனவரி 14. இந்தியத் தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா 1953-இல் ஓய்வு பெற்ற நாள் அது. நமக்கு அது பொங்கல் விடுமுறை. ஆகவே நேர்காணலை டிசம்பர் முதல் வாரத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது. அரையாண்டுத் தேர்வும் குறுக்கிடாது.