குட்டிக்கரணம் போடுவோம், கழுத்தைக் காப்போம்

திரிபுரா மாநிலத்தின் தலைநகரம் அகர்தலா. அந்த ஊர்ப் பெண் தீபா கர்மாகர். ஆறு வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகத் தொடங்கினார். அவருக்குத் தட்டைப் பாதம். ஓடிக் குதிக்க அது தடை. ஆனாலும் அவர் விடவில்லை. 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் வால்ட் போட்டியில் நான்காம் இடம் பெற்றார்.

அந்தரத்தில் கரணம் போடுபவர்களும் முதலில் தரையில்தான் பழகுகிறார்கள். முன்பக்கக் குட்டிக்கரணம் அவர்களுக்கு அரிச்சுவடி போன்றது. நம் பிள்ளைகளும் அதைப் போடுகிறார்கள். நல்ல விளையாட்டுதான். ஆனால் முறையாகப் போட வேண்டும்.

ஏன்?

நம் கழுத்தில் ஏழு எலும்புகள் உள்ளன. அவற்றின் நடுவே தண்டுவடம் செல்கிறது. மூளையின் கட்டளையைக் கை கால்களுக்குக் கொண்டு செல்வது அதுதான். உச்சந்தலை தரையில் ஊன்றினால், உடலின் எடை முழுவதும் கழுத்தில் இறங்கும். தண்டுவடம் நசுங்கினால் கை கால்கள் செயல் இழந்து போகலாம்.

தொடங்கும் முன்

சிமெண்டுத் தரை வேண்டாம். கட்டிலும் வேண்டாம். தரையில் கெட்டியான மெத்தையை விரிக்க வேண்டும். அதிகம் அமுங்கும் மெத்தையில் தலை புதையும். சங்கிலி, தோடு, கண்ணாடியைக் கழற்ற வேண்டும். சாப்பிட்ட உடனே போடக் கூடாது. கழுத்து வலி, தலைசுற்றல், இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் போடக் கூடாது.

போடும் முறை

1. முதலில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொள்ள வேண்டும். முதுகை வளைத்து, தொட்டில் போல முன்னும் பின்னும் ஆட வேண்டும். முதுகு உருளப் பழகும்.

2. பிறகு குந்தி உட்கார வேண்டும். இரண்டு உள்ளங்கைகளையும் தோள் அகலத்தில் முன்னால் ஊன்ற வேண்டும்.

3. மோவாயை நெஞ்சோடு ஒட்ட வேண்டும். கண் வயிற்றைப் பார்க்க வேண்டும்.

4. இடுப்பை உயர்த்திக் காலால் மெல்ல உந்த வேண்டும். எடையைக் கைகள் தாங்க வேண்டும்.

5. தோளின் பின்பக்கம் முதலில் தரையில் பட வேண்டும். பிறகு முதுகு, பிறகு இடுப்பு. பந்து உருள்வது போல உருள வேண்டும்.

6. பாதத்தை ஊன்றி, கைகளை முன்னே நீட்டி எழ வேண்டும்.

மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு கைக்குட்டையை வைத்துப் பழகலாம். அது கீழே விழுந்தால் தலை நிமிர்ந்துவிட்டது என்று பொருள்.

பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பயப்படும் பிள்ளையைத் தள்ளிவிடக் கூடாது. கழுத்தைப் பிடித்து அழுத்தவும் கூடாது.

அடிபட்டால்

கழுத்து வலிக்கிறதா? கை கால் மரத்துப் போகிறதா? உடனே தூக்கக் கூடாது. உட்கார வைக்கக் கூடாது. கழுத்தை நீவி விடக் கூடாது. படுத்தபடியே தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். 112 அல்லது 108 எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். பதறித் தூக்குவதால் சிறு காயமும் பெரிதாகலாம்.

விடை சொல்லுங்கள்

1. குட்டிக்கரணம் போடும்போது தரையில் முதலில் படுவது எது?
2. உச்சந்தலையை ஏன் ஊன்றக் கூடாது?
3. கழுத்தில் அடிபட்டவரை ஏன் தூக்கக் கூடாது?
4. உங்கள் தெருவில் பிள்ளைகள் எங்கே கரணம் போடுகிறார்கள்? அந்த இடம் ஏற்றதா? பேசுங்கள்.