மலைக்கு வேறு கணக்கு

எங்கள் தெல்தெனியவில் எந்தச் சந்தியில் நின்றாலும் ஒரு மலை கண்ணில் படும். பழைய ஊர் 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் போய்விட, இன்றைய ஊர் மேட்டில் எழுந்தது. அதற்கப்பால் நக்கிள்ஸ் மலைத்தொடர். மடக்கிய கையின் விரல் முட்டிகளைப் போலத் தெரிவதால் ஆங்கிலேயர் வைத்த பெயர் அது, சிங்களத்தில் தும்பர. 2010 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்ற மத்திய மலைநாட்டில் இதுவும் அடங்கும். இவ்வளவு அருகில் இருந்தும் எங்கள் வகுப்பில் அதில் ஏறியவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

சென்ற டிசெம்பர் விடுமுறையில் மாமாவுடனும் அவரது பிள்ளைகளுடனும் ஹுன்னஸ்கிரியப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாதையொன்றால் முகட்டுக்கு ஏறினோம். போக 5 கி.மீ., வர 5 கி.மீ. "ரெண்டு மணித்தியாலம் போதும்" என்று கணக்குச் சொன்னவள் நான்தான். ளுஹர் தொழுதுவிட்டு 2.30க்குப் புறப்பட்டோம். கீழே வந்தபோது 6.40. மஃரிப் பாங்கு சொல்லி முக்கால் மணித்தியாலம் ஆகியிருந்தது. சப்பாத்துக்குள் அட்டைக்கடி இரத்தம். பஸ் தரிப்பிடத்தில் டோர்ச்சுடன் வாப்பா. அவர் ஏசவில்லை. "இனி மலைப் பேச்சு வாணாம் மகள்" என்றார். ஏசியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

உயர்தரத்தில் புவியியல் படிப்பவள் செய்யக்கூடாத பிழை அது. சமதரையில் தூரத்தைப் பார்த்தால் போதும். மலையில் உயரத்தையும் சேர்க்க வேண்டும். ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892 இல் இதற்கொரு விதி சொன்னார். இன்றைய அளவில், 5 கி.மீ. நடைக்கு ஒரு மணித்தியாலம்; ஏறும் ஒவ்வொரு 600 மீற்றருக்கும் இன்னொரு மணித்தியாலம்.

உயரத்தை அறிய 1:50,000 இடவிளக்கப் படத்தை எடுங்கள். அதில் 2 செ.மீ. நிலத்தில் 1 கி.மீ. பாதை வெட்டிச்செல்லும் சமவுயரக் கோடுகளை எண்ணி, கோட்டிடைவெளியால் பெருக்குங்கள். எங்கள் பாதையில் ஏற்றம் 480 மீற்றர் வந்தது. ஆகவே தூரத்துக்கு 2 மணித்தியாலம், ஏற்றத்துக்கு 48 நிமிடம். இது நல்ல நடையாளருக்கு, நல்ல பாதையில், நிற்காமல் போனால். எங்களைப் போன்ற புதியவர்களுக்கு ஒன்றரை மடங்கு: 4 மணித்தியாலம் 12 நிமிடம். அன்று உண்மையில் எடுத்தது 4 மணித்தியாலம் 10 நிமிடம்! மலை எங்களை ஏமாற்றவில்லை.

இன்னொன்றையும் கணக்கிட்டுப் பார்த்தேன். விக்டோரியா நிரம்பும்போது நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 438 மீற்றர். நக்கிள்ஸின் உயர்ந்த சிகரம் கொம்பனிய 1,906 மீற்றர். வித்தியாசம் 1,468. தூரத்தைச் சேர்க்காமல், ஏற்றத்துக்கு மட்டும் ஏறத்தாழ இரண்டரை மணித்தியாலம். (வன இலாகா அனுமதியின்றி அங்கே போக நினைக்காதீர்கள்.)

இறக்கம் இலகு என்பது எல்லோருக்கும் உள்ள தப்பெண்ணம். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது தொடைத் தசை உடலைப் பிடித்து நிறுத்தியபடியே நீள்வதால் மறுநாள் வலிப்பது இறக்கம்தான். செங்குத்துச் சரிவில் ஒவ்வொரு 300 மீற்றர் இறக்கத்துக்கும் 10 நிமிடம் கூட்டச் சொன்னார் பின்னாளில் வந்த எரிக் லாங்மியூர். இங்கிலாந்தில் 1975 இல் 72 சிகரங்களை ஒரு நாளுக்குள் ஓடி முடித்த ஜொஸ் நெய்லர் ஆடு வளர்க்கும் விவசாயி. நமது மலையில் கொழுந்துக் கூடையுடன் இறங்கும் பெண்களைப் பாருங்கள்: சிறிய அடிகள், சற்று மடங்கிய முழங்கால். யாரும் வகுப்பு எடுத்துக் கற்றதல்ல.

காலநிலையும் கணக்கில் சேரும். டிசெம்பரில் வடகீழ் மொன்சூன் மழையால் இந்தப் பக்கம் வழுக்கும். ஏப்ரலில் காலை தெளிவாக இருக்கும், பின்னேரம் இடியுடன் கொட்டும்.

அதனால் ஏப்ரல் விடுமுறைக்கு ஒரு தாளில் எல்லாம் எழுதி வாப்பாவிடம் கொடுத்தேன்: சுபஹுக்குப் பின் 6.30க்குப் புறப்படல், 10.42க்குத் திரும்பல். இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வரைபடத்தை விரித்துக் கோடுகளைத் தானே எண்ணினார். "நானும் வாறன்" என்றார்.

10.55க்கு வந்து சேர்ந்தோம். வாப்பாவின் முழங்கால் என் கணக்கில் இருக்கவில்லை. அவர் பேனை கேட்டு வாங்கி, தாளில் 10.42ஐ வெட்டி 10.55 என்று எழுதினார். தாள் இன்னும் அவரது மேசை லாச்சியில் இருக்கிறது.