விடியலுக்கு முன் ஒரு திருப்பலி

கேள்வி: பிலிப்பைன்ஸ் மக்களின் அன்றாட வாழ்வில் கத்தோலிக்க மதம் உண்மையிலேயே அவ்வளவு கலந்திருக்கிறதா?

பதில்: ஆம், தெருவிலேயே பார்க்கலாம். ஜீப்னி வண்டியின் முன்கண்ணாடியருகே ஜெபமாலையோடு மல்லிகைச் சரமும் தொங்கும். ஷாப்பிங் மாலுக்குள்ளேயே ஞாயிறு திருப்பலி நடக்கும். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாளும் 'சிம்பாங் காபி' என்ற திருப்பலி நடக்கும். விடியலுக்கு முன்பே குடும்பம் குடும்பமாகக் கோயிலுக்குப் போவார்கள். பூசை முடிந்து வெளியே வந்தால் மூங்கில் குழாயில் வெந்த ஊதா நிறப் பலகாரம், தேங்காய்த் துருவலும் நாட்டுச் சர்க்கரையும் தூவி, ஆவி பறக்கக் கிடைக்கும். நம் குழாய்ப்புட்டுக்குத் தம்பி என்றே சொல்லலாம்!

அரசியலிலும் திருச்சபைக்குக் கனம் அதிகம். 1986-ல் மணிலா பேராயர் கர்தினால் சின் வானொலியில் அழைத்ததும், அப்போதைய அதிபர் மார்க்கோஸுக்கு எதிராக மக்கள் மணிலாவின் எட்சா சாலையில் திரண்டார்கள். மார்க்கோஸ் நாட்டைவிட்டே ஓடினார்.

ஆனால் இதே செல்வாக்குதான் பல பெண்களின் கழுத்தை நெரிக்கிறது. திருச்சபை எதிர்க்கும் விவாகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முஸ்லிம்களுக்கு அதற்குத் தனிச் சட்டம் உண்டு. மற்றவர்களுக்கு விவாகரத்து இல்லை. மணவாழ்வை முறிக்க வேண்டுமானால், திருமணமே செல்லாது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அதற்குக் காசு வேண்டும். ஏழைப் பெண் எங்கே போவாள்? 2024-ல் கீழவை நிறைவேற்றிய விவாகரத்து மசோதாவும் செனட்டைத் தாண்டவில்லை. அந்தச் சட்டம் வந்தே ஆக வேண்டும்.