விளாத்திகுளத்திலிருந்து ஒருநாள் சுற்றுலா

எட்டயபுரம், கழுகுமலை இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். ஆனால் பக்கத்தில் இருக்கிறதே என்று எட்டயபுரத்தில் முதலில் இறங்கிவிடாதீர்கள். அதிகாலையிலேயே கோவில்பட்டி பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து சங்கரன்கோவில் போகும் பஸ்ஸில் மாறிக் கழுகுமலைக்குப் போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் பாறை கொதிக்கும். மலையில் நடப்பது பெரும்பாடு.

மேலே, பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து பாண்டியர் காலத்தில் செதுக்கிய வெட்டுவான் கோயில் இருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டு வேலை, பாதியில் நின்றுபோனது. விமானத்துச் சிற்பங்களை நிதானமாகப் பாருங்கள். செல்ஃபிக்கு அப்புறம் நேரம் உண்டு. அருகிலேயே வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். தண்ணீர், தொப்பி அவசியம். அடிவாரத்து முருகன் கோயிலை நடை சாத்துவதற்குள் தரிசித்துவிடுங்கள்.

சாப்பாடு கோவில்பட்டியில். கடலைமிட்டாயும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு.

திரும்பும் வழியில் எட்டயபுரம். பாரதி பிறந்த வீடு, 1947-இல் ராஜாஜி திறந்த மணிமண்டபம், இவற்றோடு பலரும் பஸ் ஏறிவிடுகிறார்கள். உமறுப்புலவர் அடங்கிய இடமும், 1835-இல் இங்கே மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் நினைவிடமும் இதே ஊரில்தான். ஊருக்குத் திரும்பும் கடைசி பஸ் நேரத்தை மட்டும் காலையிலேயே கேட்டு வையுங்கள்.