கேம் பாயில் ஏது மிடி?

பழைய வீடியோ கேம் இசை பற்றிப் பேச்செடுத்தால் போதும், யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார்: “அதெல்லாம் சும்மா மிடிங்க. ஒரு மிடி ஃபைலை உள்ளே போட்டா அது பாட்டுக்கு வாசிக்கும்.” கீபோர்டு வாசிப்பவர்களும் இதைச் சொல்கிறார்கள், கணினி படித்தவர்களும் சொல்கிறார்கள். கீச்சென்று கேட்பதெல்லாம் மிடி என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

மிடி என்பது ஒலியே அல்ல. எந்தச் சுரத்தை எப்போது, எவ்வளவு அழுத்தி வாசிக்க வேண்டும் என்ற கட்டளைகள்தான் அதில் இருக்கும். அதைக் கேட்டு வாசிக்கத் தன் வாத்தியங்களோடு ஒரு சின்தசைசர் காத்திருக்க வேண்டும். 1989 ஏப்ரலில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நிண்டெண்டோ கேம் பாயில் அப்படி ஒன்று கிடையாது. எந்த எண்ணுக்கு எந்த வாத்தியம் என்று வகுத்த ‘ஜெனரல் மிடி’ தரமே 1991இல்தான் வந்தது.

கேம் பாயில் இருப்பவை நான்கே சேனல்கள். முதல் இரண்டும் சதுர அலைகள். மூன்றாவது, நிரல் எழுதுபவர் வடிவமைத்துத் தரும் அலையை ஒலிக்கும். நான்காவது வெறும் இரைச்சல். டிரம்ஸ் முதல் வெடிச்சத்தம் வரை அதிலிருந்துதான் வர வேண்டும். எல்லாவற்றையும் ரெஜிஸ்டர்கள் எனும் சிறு நினைவிடங்களில் எண்ணாக எழுத வேண்டும். சதுர அலையில் 440 ஹெர்ட்ஸ் சுரம் வேண்டுமென்றால் எழுத வேண்டிய எண் 1750. அதை 2048இலிருந்து கழித்து, வரும் 298ஆல் 1,31,072ஐ வகுத்துப் பாருங்கள்: 439.8தான் கிடைக்கும். மேல் ஸ்தாயிக்குப் போகப் போகச் சுருதி இன்னும் விலகும். எந்த மிடி ஃபைல் இதற்கெல்லாம் கவலைப்படுகிறது?

திரை நொடிக்குக் கிட்டத்தட்ட 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. பெரும்பாலும் அந்தத் துடிப்பையே தாளமாக வைத்துக்கொண்டு, ‘சவுண்ட் டிரைவர்’ என்ற சிறிய நிரல் அடுத்த கட்டளையைப் படித்து ரெஜிஸ்டர்களை மாற்றும். மூன்று சுரங்களைச் சேர்த்து வாசிக்கச் சேனல் மிச்சமில்லையா? ஒரே சேனலில் மூன்றையும் மாற்றி மாற்றி மின்னல் வேகத்தில் ஒலித்துக் காதை நம்பவைப்பார்கள். வீரன் குதித்தால் அந்தச் சத்தத்துக்கும் இதே நான்கில் ஒன்றைத்தான் பிடுங்க வேண்டும். பிடுங்கிய நேரத்தில் பாட்டு நின்றுவிடாமல் டிரைவர் உள்ளுக்குள் கணக்கு வைத்துக்கொண்டே இருந்து, சேனல் திரும்பியதும் சரியான இடத்தில் சேர்த்துவிட வேண்டும். ‘சூப்பர் மரியோ லேண்ட்’ இசையமைத்த ஹிரோகாசு தனாகா நிண்டெண்டோவில் ஒலிப் பொறியாளராகச் சேர்ந்தவர் என்பது தற்செயலல்ல.

மிடியை இந்த வடிவத்துக்கு மாற்றித் தரும் கருவிகள் இன்று உண்டுதான். பதினாறு சேனல் பாட்டை நான்கில் திணித்துவிட்டு, “கேம் பாயில் இவ்வளவுதான் வரும்” என்று முடிவு கட்டுகிறவர்களும் உண்டு. குறை கருவியில் இல்லை, சோம்பலில் இருக்கிறது.

“எம்பி3 மாதிரி பதிவுசெய்து வைத்திருப்பார்கள்” என்பது இன்னொரு கூட்டம். ‘டெட்ரிஸ்’ கார்ட்ரிட்ஜ் நிரல், படம், இசை எல்லாம் சேர்த்து 32 கிலோபைட். சாதாரணத் தர எம்பி3க்கு அது இரண்டு விநாடிக்குத்தான் காணும்.

“மோனோதானே?” ஸ்பீக்கரில் ஆமாம். இயர்போன் மாட்டினால் ஸ்டீரியோ.

1996இல் கேம் பாய்க்கு வந்த போக்கிமான் கேமின் லாவெண்டர் டவுன் இசையில் காதுக்கு எட்டாத ஒலி ஒளிந்திருந்து குழந்தைகளைக் கொன்றது என்பது இணையத்தில் பிறந்த பேய்க்கதை. நிஜத்தில் நடந்தது வேறு. 1997 டிசம்பர் 16 அன்று ஒளிபரப்பான போக்கிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறிப் பளிச்சிட்டதால் நூற்றுக்கணக்கான ஜப்பானியக் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனார்கள். அது தொலைக்காட்சி, கேம் அல்ல. காரணம் ஒளி, ஒலி அல்ல.

இதையெல்லாம் வாதம் செய்து புரியவைப்பதைவிட, ஒரு கிராஃப் தாளை நீட்டிவிடலாம். அகலத்தில் 32 கட்டம், உயரத்தில் 16 படி: மூன்றாவது சேனலின் அலை முழுவதும் அதற்குள் அடங்கும், மொத்தம் 16 பைட். மலை மாதிரி வரைந்தால் புல்லாங்குழல் சாயல், ரம்பப் பல்லாக வரைந்தால் கரகரப்பு. வரைந்ததை ஏற்றுமுன் அந்தச் சேனலை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் 1989 மாடலில் அலை கெட்டுப்போகலாம்; கணினியில் எமுலேட்டரை மட்டும் வைத்துச் சோதித்தவர் அதைக் கவனிக்காமலே விட்டுவிடக்கூடும்.